கிணற்றுக்குள் இறங்கிய இரண்டாவது ஆள்

சித்திரை மாதம். கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. தூர் வாருவதற்காக ஆயில் இன்ஜினைக் கயிறு கட்டி இறக்கி, பாதி ஆழத்தில் இருந்த திட்டில் வைத்து ஓட்டியிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் இன்ஜின் நின்றுவிட்டது. என்ன ஆயிற்று என்று பார்க்க ஒருவர் இறங்கினார். மேலே வரவில்லை. கூப்பிட்டால் பதில் இல்லை. "அண்ணே, அண்ணே" என்று கத்திக்கொண்டே அவருடைய தம்பி இறங்கினார். அவரும் வரவில்லை. பக்கத்து வயலில் வேலை செய்துகொண்டிருந்த மச்சான் முறைக்காரர் ஒருவர், வாயில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினார். எங்களுக்கு அழைப்பு வந்தபோது மூன்று பேர் உள்ளே கிடந்தார்கள். மூவரையும் மேலே கொண்டுவந்தோம். கடைசியாக இறங்கிய மச்சான் மட்டும்தான் பிழைத்தார்.

தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து, நிலைய அலுவலராக ஓய்வு பெற்றவன் நான். எங்கள் நிலையத்துக்குத் தீ அழைப்பைவிட மீட்பு அழைப்புதான் அதிகம் வரும். கிணற்றில் மாடு, வீட்டுக்குள் பாம்பு, லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள், வெள்ளத்தில் சிக்கியவர்கள் என்று பலவிதம். அவற்றில் என்னால் இன்றும் மறக்க முடியாதவை இந்த மாதிரிக் கிணற்று அழைப்புகள்தான். முதல் ஆள் விபத்தில் மாட்டுகிறார். இரண்டாவது ஆள் அவர்மேல் உள்ள பாசத்தில் போகிறார். அந்த இரண்டாவது ஆளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஒரு கிணற்றுக்குள் இன்ஜின் ஓடினால் என்ன நடக்கும்? புகையோடு கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மூச்சு முட்டுவது போலக்கூடத் தெரியாது. தலை கனக்கும், கால் துவளும், அப்படியே சாய்ந்துவிடுவார். ஏணிப்படியில் இருந்தால் விழுவார். வாயில் கட்டும் துண்டு தூசியைத்தான் தடுக்கும். வாயு அதன் வழியாகத் தாராளமாகப் போகும்.

"விளக்கை இறக்கிப் பார்த்தோம் சார், நல்லா எரிஞ்சுதே" என்று பல ஊர்களில் சொல்லியிருக்கிறார்கள். நம் முன்னோர் செய்த சோதனைதான் அது. பாழடைந்த கிணற்றில் கரியமில வாயு தேங்கி ஆக்சிஜன் குறைந்திருந்தால் விளக்கு அணையும், அதுவரை சரி. நாம் மூச்சு விடும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். அது 16 சதவீதம் அளவுக்குக் குறைந்தால்தான் சுடர் அணையும். ஆனால் ஆளைக் கொல்லும் அளவு கார்பன் மோனாக்சைடு இருந்தாலும் விளக்கு ஒழுங்காக எரிந்துகொண்டே இருக்கும். கழிவுநீர்த் தொட்டி என்றால் நிலைமை இன்னும் மோசம். அங்கே மீத்தேன் இருக்கும், தீக்குச்சியைக் கிழித்தால் தீப்பிடிக்கும். கூடவே ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கும். மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் வரும், பிறகு நாற்றம் நின்றுவிடும். வாயு போய்விட்டது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அதன் அளவு ஏறும்போது நம் மூக்கின் உணர்வு செத்துப்போகிறது. நாற்றம் நின்ற நேரம்தான் மிக ஆபத்தான நேரம்.

உரிய பாதுகாப்பு இல்லாமல் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இயந்திரம் வைத்த லாரி ஊருக்கு ஊர் கிடைக்கிறது. அதற்குப் பிறகும் ஒரு தொழிலாளியை அப்படி உள்ளே இறக்குகிறவர், தெரிந்தே ஒரு உயிரைப் பணயம் வைக்கிறார் என்றுதான் சொல்வேன். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

நாங்கள் மட்டும் எப்படி இறங்குகிறோம்? முதுகில் மூச்சுக் கருவி இருக்கிறது. பி.ஏ. செட் என்போம். 6 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் அடைத்தால் ஏறக்குறைய 1,800 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று கணக்குப் போட்டால் 45 நிமிடம் வரும். ஆனால் பதற்றப்படுகிறவன், பாரம் தூக்குகிறவன் அதைப் பாதி நேரத்தில் தீர்த்துவிடுவான். காற்று குறைந்ததும் விசில் அடிக்கும். விசில் கேட்டால் எந்த நிலையிலும் திரும்பிவிட வேண்டும். இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் மேலே ஒருவர். அவர் வேறு எங்கும் பார்க்கக் கூடாது. கயிறு எத்தனை முறை இழுபட்டால் என்ன பொருள் என்று முன்பே பேசி வைத்திருப்போம். இத்தனையும் இருந்தும் இறங்கும்போது என் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

தாம்பரத்தில் இருக்கும் பயிற்சி மையத்தில் நான் சேர்ந்தபோது எனக்கு வயது இருபத்திரண்டு. வேகமாக ஓடுகிறவன்தான் நல்ல தீயணைப்பாளர் என்று நினைத்துக்கொண்டு போனேன். முதல் சில வாரங்களில் ஓட்டம், கவாத்து, ஏணி, ஹோஸ் டிரில் என்று உடம்பை வளைத்தார்கள். சுருட்டிய ஹோஸை, அதாவது தண்ணீர்க் குழாயை, ஒரே வீச்சில் உருட்டி, இணைப்பான கப்ளிங்கை மாட்டி, முனையில் தண்ணீர் பீய்ச்சும் பிராஞ்சைப் பிடித்து நிற்க வேண்டும். ஒருவன் பிடியைத் தளர்த்தினால் பிராஞ்ச் பாம்பு மாதிரித் துள்ளி அடுத்தவன் பல்லை உடைக்கும். அப்புறம் முடிச்சுகள். மயங்கிய ஆளை இறக்கும் நாற்காலி முடிச்சைக் கண்ணைக் கட்டிக்கொண்டு போடும்வரை விடமாட்டார்கள்.

பிறகு ஒரு நாள் புகை அறைக்குள் அனுப்பினார்கள். உள்ளே ஒரு பொம்மை கிடக்கும், தேடி எடுத்து வர வேண்டும். நான் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். பயிற்றுநர் காலரைப் பிடித்து வெளியே இழுத்தார். "கதவைத் தொட்டுப் பார்த்தியா? உள்ள எத்தன வழி இருக்குன்னு பார்த்தியா? யாருகிட்ட சொல்லிட்டுப் போன?" அன்றிலிருந்து வாசலில் நின்று பத்து எண்ணிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று எனக்கு மட்டும் தனி உத்தரவு. அந்தப் பத்து எண்ணிக்கைக்குள் எவ்வளவு பார்க்க முடியும் என்பது போகப்போகத்தான் புரிந்தது. புகை எந்தப் பக்கம் இழுக்கிறது, மின்சார மெயின் எங்கே, கூரை என்ன கூரை, வெளியே அழுதுகொண்டு நிற்பவர்களில் யாருக்கு உள்ளே இருப்பது யாரென்று தெரியும்.

இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போகும்போது புறங்கையால்தான் தடவ வேண்டும் என்பதும் அங்கே கற்றதுதான். அறுந்த கம்பியில் உள்ளங்கை பட்டால் தசை சுருங்கி, கை தானாகவே கம்பியைப் பிடித்துக்கொள்ளும். புறங்கை பட்டால் விலக வாய்ப்பு உண்டு. வீட்டில் மின்சாரம் போன நேரத்தில் சுவிட்ச் போர்டைத் தேடும்போது நான் இன்றும் புறங்கையால்தான் தேடுகிறேன். என் மனைவிக்கும் அதே பழக்கம் வந்துவிட்டது.

நிலையத்து வாழ்க்கை வெளியே தெரிவதைவிட அலுப்பானது, அந்த அலுப்பில்தான் எங்கள் பாதுகாப்பு இருக்கிறது. காலையில் வரிசையில் நின்று வருகைப் பதிவு, உடற்பயிற்சி, டிரில். பிறகு வண்டி. தொட்டியில் தண்ணீர் நிரம்பியிருக்கிறதா, பம்ப் ஓடுகிறதா, மூச்சுக் கருவியின் முள் எங்கே நிற்கிறது என்று தினமும் பார்ப்போம். கயிற்றை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலால் உருவிப் பார்ப்போம், ஒரு இழை அறுந்திருந்தாலும் விரல் சொல்லிவிடும். இரவில் பூட்ஸைக் கால் நுழையும்படி திறந்து வைத்துவிட்டுத்தான் படுப்போம். மணி அடித்தால் ஒரு நிமிடத்துக்குள் வண்டி வாசலைத் தாண்ட வேண்டும். என் சர்வீஸில் ஒரு தீபாவளிகூட வீட்டில் இருந்ததில்லை. பிள்ளைகள் பட்டாசைக் கொண்டுவந்து என்னிடம் காட்டிவிட்டு, அப்புறம் வீட்டுக்குப் போய் வெடிப்பார்கள்.

அவசரப்படாமல் நின்று பார்க்கத் தெரிந்தவர்களும் சாகிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 14 முதல் 20 வரை நாடெங்கும் தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கிறோம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகீன் என்ற கப்பலில் தீப்பிடித்தது. உள்ளே பஞ்சுப் பொதிகளும், ஏறக்குறைய 1,400 டன் வெடிபொருளும் இருந்தன. தீயணைப்பு வீரர்கள் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தபோதே மாலை நான்கு மணி தாண்டிக் கப்பல் வெடித்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவது வெடிப்பு. 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். 2012 ஜனவரியில் சென்னை சேப்பாக்கம் எழிலகம் வளாகத்துப் பழைய கட்டடத்தில் தீப்பிடித்தபோது, கட்டடம் இடிந்து விழுந்து எங்கள் துறைச் சகோதரர் ஒருவர் உயிரிழந்தார். அன்று சீருடை மாட்டும்போது என் கை நடுங்கியது நினைவிருக்கிறது.

அதே ஆண்டு செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே இல்லை. புகையைப் பார்த்து உதவ ஓடி வந்தவர்கள், என்ன என்று பார்க்க வந்தவர்கள். அவர்கள் நெருங்கிய நேரத்தில் பெரிய வெடிப்பு நடந்தது. பட்டாசுக் கிடங்கு, பெட்ரோல் டேங்கர், கேஸ் லாரி என்றால் முதல் சத்தத்தோடு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். தயவுசெய்து பின்னால் போங்கள், கைப்பேசியில் படம் எடுக்க முன்னால் போகாதீர்கள். எங்கள் வண்டி போக வழி கிடைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அடுப்படியிலும் இதே அவசரம்தான் ஆளைச் சுடுகிறது. வடைச்சட்டியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் கை தானாகத் தண்ணீர்ச் சொம்புக்குப் போகும். தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரியும். எரியும் எண்ணெயைத் தூக்கிக் கூரைவரை வீசும். அடுப்பை அணைத்துவிட்டு, பொருந்தும் தட்டு ஒன்றைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடுங்கள், போதும். சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடியவர்கள் காலிலும் தொடையிலும் வெந்து வந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி வரும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகத் தேங்கும். அதனால் கதவு, ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூடிவிட்டு, எல்லோரும் வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள். குடிசை எரியும்போது வெளியே வந்தவர் ரேஷன் கார்டுக்காகவோ ஆட்டுக்குட்டிக்காகவோ மறுபடி உள்ளே போவார். அவரைப் பிடித்து நிறுத்த வெளியே நிற்கும் நான்கு பேரால் முடியும்.

சரி, கிணற்றுக்குள் நம் ஆள் கிடக்கிறார், பார்த்துக்கொண்டு சும்மா நிற்பதா என்று கேட்பீர்கள். சும்மா நிற்க வேண்டாம். முதலில் 101 அல்லது 112. அடுத்து, இறங்கத் துடிப்பவரைத் தடுக்க ஒருவர். காற்று உள்ளே போக வழி செய்யுங்கள். பெரிய மின்விசிறி, ஊதும் இயந்திரம் எது கிடைத்தாலும் வாயிலிருந்து உள்ளே திருப்பலாம். ஒன்றும் இல்லாவிட்டால் வேப்பங்குழையைக் கட்டாகக் கட்டிக் கயிற்றில் மேலும் கீழும் வேகமாக ஆட்டலாம். கீழே இருப்பவருக்கு நினைவு இருந்தால், சுருக்குப் போடாத வளையம் கட்டிய கயிற்றை இறக்கி, கைக்கு அடியில் மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். ஆள் மேலே வந்து, மூச்சில்லை என்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள், ஆம்புலன்ஸுக்கு 108. இவற்றில் எதற்கும் யாரும் உள்ளே இறங்கத் தேவையில்லை.

அழைக்கும்போது ஊர், தெரு, பக்கத்தில் இருக்கும் கோயிலோ பள்ளியோ, உள்ளே எத்தனை பேர், என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று சொல்லுங்கள். நிலையத்தில் அழைப்பை எடுக்கும் வாட்ச் ரூமில் இருப்பவர் கேட்டு முடிக்கும்வரை போனை வைக்காதீர்கள். கேள்வி கேட்பதால் வண்டி தாமதமாகிறது என்று கோபப்படுவார்கள். ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மற்றவர்கள் வண்டியில் ஏறிவிடுவார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு இன்னொரு கிணற்று அழைப்பு வந்தது. அதே ஆயில் இன்ஜின், அதே போலத் தூர் வாரும் வேலை. நாங்கள் போனபோது எழுபது வயதிருக்கும் ஒரு அம்மா, கிணற்று வாயில் ஏணிக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். உள்ளே கிடந்தது அவருடைய மூத்த மகன். இளைய மகன் எதிரே நின்று கத்திக்கொண்டிருந்தார். "என்னத் தாண்டிப் போடா" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார், அழுகையே இல்லை. எங்களை அழைத்தது பேத்தி, ஏழாவது படிக்கிறவள். "இன்ஜின் ஓடிச்சு, அப்பா உள்ள மயங்கிட்டாரு, பிள்ளையார் கோயில் பின்னாடி" என்று அவள் சொன்னதால், வரும் வழியிலேயே நானும் முன்னணி தீயணைப்பாளரும் மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டோம். வண்டி நின்றதும் கயிற்றைக் கட்டி இறங்கினோம். ஒரே ஒரு ஆளைத்தான் தூக்க வேண்டியிருந்தது. மூச்சு இருந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போதுதான் அந்த அம்மா எழுந்தார். கால் மரத்துப்போயிருந்தது, இளைய மகன் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.