முகாமுக்கு எத்தனை பேர் வந்தார்கள்?

சமூக மருத்துவத் துறையில் ஆண்டு இறுதியில் ஒரு படிவம் வரும். எத்தனை முகாம், எத்தனை பேர், எத்தனை துண்டுப் பிரசுரம். நானும் வருடக்கணக்கில் நிரப்பியிருக்கிறேன். ஊரில் யாருக்காவது ரத்த அழுத்தம் குறைந்ததா என்பதற்கு அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

இப்போது 'குடும்பத் தத்தெடுப்புத் திட்டம்' மூலம் எம்.பி.பி.எஸ். மாணவர்கள் ஒவ்வொருவரும் கிராமத்தில் சில குடும்பங்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும். மாணவர்கள் கற்கிறார்கள், சரி. ஊருக்கு என்ன கிடைத்தது?

ஒரு முறை ஏமாந்தோம். முகாமில் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 140-ஐத் தாண்டியவர்களை ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்தபோது பெரும்பாலோருக்குக் குறைந்திருந்தது. உப்பைக் குறைக்கச் சொன்னது பலித்துவிட்டது என்று எங்களுக்கு ஒரே சந்தோஷம். பக்கத்து ஊரில் முதல் அளவு மட்டும் எடுத்துவிட்டு, ஆள் போதாமல் வேலையைத் தொடங்காமல் விட்டிருந்தோம். அங்கேயும் போய் அளந்தோம். அங்கேயும் குறைந்திருந்தது!

வெயிலில் நடந்து வந்து, வரிசையில் நின்று, டாக்டரைப் பார்த்த பதற்றத்தோடு கொடுத்த அளவு அது. அன்றைக்கு உச்சத்தில் இருந்தவர்களை மட்டும் பொறுக்கி அளந்தால், நாம் எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த முறை இறங்கத்தான் செய்யும்.

அப்புறம் முறையை மாற்றினோம். குலுக்கலில் வீடுகளைத் தேர்ந்தெடுத்து, ஐந்து நிமிடம் உட்காரவைத்து, இரண்டு முறை அளந்து சராசரி எடுக்கிறோம். வேலைக்குப் போகும் ஆண்கள் முகாமுக்கு வருவதே இல்லை என்பதால் இரவு ஏழு மணிக்கு மேல் போகிறோம். ஒப்பிடும் ஊரிலும் இதே மாதிரி. அங்கே திட்டம் ஒரு வருடம் தள்ளித் தொடங்கும். அளவு அதிகமாக இருப்பவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவிடுவோம்.

2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. குறைந்ததில் அவர்கள் பங்கு எவ்வளவு, எங்கள் பங்கு எவ்வளவு? ஒப்பிடும் ஊர் இல்லாமல் இதைப் பிரிக்கவே முடியாது.

எதை அளக்கலாம் என்று ஊர்க்காரர்களிடமும் கேட்டோம். சுய உதவிக் குழு அக்கா ஒருவர் சொன்னார்: "மாத்திரை நடுவுல தீர்ந்துபோகாம இருந்தா போதும் டாக்டரம்மா." மாத்திரை இல்லாத நாட்களையும் எண்ண ஆரம்பித்தோம்.

முடிவுகளை முதலில் ஊரில்தான் படித்தோம். மாத்திரைக் கணக்கு வந்ததும் ஒரு தாத்தா எழுந்தார். "வாங்குனேன்னுதான் சொன்னேன். சாப்பிட்டேன்னு நான் எங்க சொன்னேன்?"

அடுத்த வருடப் படிவத்தில் அதற்கு இரண்டு கட்டங்கள்.