நாட்டார் பாடல் என்றால் யாரும் எடுக்கலாமா? வன்னிக் கலைகளும் சட்டத்தின் 24ஆம் பிரிவும்

வன்னி வயல்களில் பாடப்பட்ட ஓர் அரிவு வெட்டுப் (நெல் அறுவடை) பாடலை ஒரு கம்பனி தன் அரிசி விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டால், யாரிடமாவது கேட்க வேண்டுமா? "ஆக்கியவர் பெயரே தெரியாது, யாரும் எடுக்கலாம்" என்றுதான் எங்களில் பலர் நினைக்கிறோம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அதன் 24ஆம் பிரிவு முழுவதும் நாட்டாரியல் வெளிப்பாடுகளுக்கே ஒதுக்கப்பட்டது.

எவை அதில் அடங்கும்? வாய்மொழியாகவோ பார்த்துப் பழகியோ தலைமுறைகளைக் கடந்து வந்த, ஒரு சமூகத்தின் அடையாளத்தைச் சொல்லும் படைப்புகள். கதை, பாடல், விடுகதை, வாத்திய இசை, ஆடல், கூத்து என்று தொடங்கி மட்பாண்டம், மரவேலை, நகை, கைப்பணி, உடை வரை சட்டம் பெயர் சொல்கிறது. எங்கள் பக்கத்தில் முல்லைமோடிக் (முல்லைத்தீவுப் பாணி) கோவலன் கூத்து, காத்தவராயன் கூத்து, யானையை அடக்கிய அரியாத்தையின் கதையோடு வரும் வேலப்பணிக்கன் ஒப்பாரி, பன்றிப் பள்ளு, குருவிப் பள்ளு எல்லாம் இந்த வரையறைக்குள் வரும். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் உப்புநீரில் விளக்கெரிக்கும் வழக்கம் நம்பிக்கை சார்ந்தது. அதை இந்தப் பிரிவுக்குள் இழுப்பது கடினம் என்பது என் கருத்து. அங்கே பாடப்படும் பழம்பாடல்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இவற்றைப் பிரதி செய்வது, மேடையிலோ ஒலிபரப்பிலோ பொதுமக்களிடம் கொண்டுபோவது, மாற்றி எழுதுவது, மொழிபெயர்ப்பது ஆகியவற்றுக்கு அனுமதி வேண்டும். எப்போதும் அல்ல. வர்த்தக நோக்கில் செய்தால், அல்லது அந்தக் கலை மரபாக நிகழும் சூழலுக்கு வெளியே செய்தால் மட்டுமே. நடுவில் நிற்கும் "அல்லது" என்ற சொல்லைக் கவனியுங்கள். காசு வாங்கவில்லை என்பது மட்டும் போதாது.

ஆகவே கோயில் வீதியில் வட்டக்களரி (வட்டமான ஆடுகளம்) அமைத்து விடிய விடிய ஆடும் கூத்துக்கு எவரும் எந்த அலுவலகத்துக்கும் போகத் தேவையில்லை. அதே கூத்தின் ஒரு துண்டை ஹோட்டல் ஒன்று உல்லாசப் பயணிகளுக்கு இரவு விருந்தோடு காட்டினால் அனுமதி வேண்டும். தனிப்பட்ட தேவைக்காக ஒருவர் பயன்படுத்துவது, நடப்புச் செய்தியில் சிறு பகுதியைக் காட்டுவது, வகுப்பில் நேருக்கு நேர் கற்பிப்பது, ஆய்வு ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. ஆசிரியர்கள் தயங்காமல் சொல்லிக்கொடுக்கலாம்.

அனுமதி தருவது ஊர் அல்ல. ஒழுங்குவிதியால் குறிக்கப்படும் தகுதிவாய்ந்த அதிகாரிக்கே அந்த உரிமை இருக்கிறது. அவருக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். அந்தப் பணம் கலாசார வளர்ச்சிக்குப் பயன்பட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. யாருடைய கலாசாரம், எந்த ஊரில் என்று சொல்லவில்லை. முள்ளியவளைக் கூத்துக்கு வாங்கிய பணம் முள்ளியவளைக்குத் திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதது இந்தப் பிரிவின் பெரிய ஓட்டை என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் ஊருக்கு நேரடியாகப் பயன்படும் ஒரு விதி இதிலேயே இருக்கிறது, அதைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. அடையாளம் காணக்கூடிய ஒரு நாட்டாரியல் வெளிப்பாட்டை அச்சிட்டாலோ பொதுமக்களிடம் கொண்டுபோனாலோ, அது எந்தச் சமூகத்திலிருந்து அல்லது எந்த இடத்திலிருந்து பெறப்பட்டது என்பதைக் குறிப்பிட வேண்டும். விழா மலரானாலும் யூடியூப் காணொளியானாலும் இதுதான் விதி. பாட்டின் கீழே வெறுமனே "நாட்டார் பாடல்" என்று போட்டுவிட்டு நகர்வது எங்கள் சொந்த மலர்களிலேயே நடக்கிறது. ஒட்டுசுட்டானில் கேட்ட பாடலென்றால் ஒட்டுசுட்டான் என்று எழுதுங்கள். ஒரு சொல்தானே செலவு.

இனி, கூத்துப் பழக்கும் ஆசானாகிய அண்ணாவியார் தாமே புதிதாகக் கட்டிய பாட்டுகளின் கதை வேறு. அவை அவருடைய பதிப்புரிமை. எங்கும் பதியாமலே கிடைக்கும், அவர் வாழ்நாளும் இறந்தபின் 70 ஆண்டுகளும் நிற்கும். பழைய கூத்துக்குள் புதிய விருத்தம் சேர்த்தால் அந்த விருத்தம் அவருடையது, பழையது சமூகத்துடையது. பழைய பாடல்களைக் கொப்பியில் எழுதி வைத்திருப்பதால் மட்டும் அவை எழுதியவருக்குச் சொந்தமாகிவிடாது. தொகுத்து நூலாக்கியவருக்கு அவருடைய தெரிவிலும் ஒழுங்கிலும் உரிமை உண்டு, பாட்டில் இல்லை.

ஆடுபவருக்கும் பாடுபவருக்கும் தனி உரிமை இருக்கிறது. அவர்கள் சம்மதமின்றி நிகழ்ச்சியைப் பதிவுசெய்யவோ ஒலிபரப்பவோ கூடாது; இந்தப் பாதுகாப்பு 50 ஆண்டுகளுக்கு. ஆனால் காணொளிப் பதிவுக்கு ஒருமுறை சம்மதித்துவிட்டால் அந்த உரிமை அதற்குமேல் செல்லாது. எனவே கமராவுடன் வருபவரிடம் "எடுங்கோ தம்பி" என்று சொல்வதற்கு முன் ஒரு தாளில் எழுதி வாங்குவது நல்லது: எதற்காக எடுக்கிறார், எங்கே போடுவார், ஊர்ப் பெயரும் அண்ணாவியார் பெயரும் வருமா, பிரதி ஒன்று ஊருக்குத் தருவாரா. கடைசிக் கேள்வி வன்னிக்கு முக்கியம். இடப்பெயர்வுகளில் ஏடுகளும் கொப்பிகளும் தொலைந்த ஊர்களில், வெளியாள் எடுத்த பதிவே சிலவேளை எஞ்சிய ஒரே பிரதியாகிவிடும்.

அனுமதியில்லாமல் பயன்படுத்தியவருக்கு எதிராக நட்டஈடும் தடையுத்தரவும் கேட்கலாம். வழக்குக்குப் போவதற்கு முன் வெளியிட்டவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பிரதியைப் பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தரிடம் கொடுத்து வையுங்கள். சட்ட விளக்கம் தேவையென்றால் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்திடம் கேட்கலாம். அந்தக் கலை உங்கள் ஊருடையது என்று காட்டப் பழைய அழைப்பிதழ், அரங்கேற்றப் படம், கோயில் கணக்குப் புத்தகத்தில் கூத்துச் செலவு எழுதிய பக்கம் எல்லாம் உதவும்.