ஸ்கேனில் டோபமைன் தெரியாது

போன வாரம் ஒரு அப்பா உறையிலிருந்து எம்ஆர்ஐ ஃபிலிமை உருவி மேஜையில் வைத்தார். 17 வயது மகன் பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். "போன்லயே கிடக்கிறான் டாக்டர். இதுல டோபமைன் எவ்வளவு ஏறியிருக்குன்னு பாருங்க." இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள்.

அது சாதாரண எம்ஆர்ஐ. கட்டியோ ரத்தக்கசிவோ இருந்தால் தெரியும். இவனுக்கு எதுவும் இல்லை. டோபமைன் என்பது பரிசை எதிர்பார்க்கும்போது மூளையில் சுரக்கும் ஒரு வேதிப்பொருள். அது எந்த எம்ஆர்ஐ ரிப்போர்ட்டிலும் வராது.

சிவப்பும் மஞ்சளுமாக எங்கும் சுற்றுகிற 'அடிமையான மூளை' படங்கள் எஃப்எம்ஆர்ஐ வகை, அதாவது மூளை வேலை செய்யும்போதே எடுப்பவை. அவையும் டோபமைனை அளப்பதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் நிலை மாறுவதைத்தான் பிடிக்கின்றன. அதுவும் ஐந்தாறு நொடி தாமதமாக. மூளை அப்படி ஜொலிப்பதும் இல்லை. பல பேரை ஸ்கேனரில் படுக்கவைத்து, பரிசு வரும் என்ற குறி தெரியும்போதும் தெரியாதபோதும் எடுத்த அளவுகளை ஒப்பிட்டு, சராசரி போட்டு, ஒரு வரம்பைத் தாண்டிய இடத்துக்கு மட்டும் கணினி நிறம் பூசுகிறது. கணக்கில் கவனம் தப்பினால் என்ன ஆகும் என்று காட்ட, 2009-இல் செத்த சால்மன் மீனையே ஸ்கேன் செய்தார்கள். அதன் மூளையிலும் 'செயல்பாடு' வந்தது! (புதிதாக வரும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதைதான்.)

வென்ட்ரல் ஸ்ட்ரியாட்டம் (மூளையின் ஆழத்தில் இருக்கும் ஒரு பகுதி), கண்குழிக்கு மேலுள்ள முன்மூளைப் பகுதி, நடுமூளை மூன்றும் பரிசு விஷயத்தில் சேர்ந்து இயங்குவதை இந்த எஃப்எம்ஆர்ஐ ஆய்வுகள் அழகாகக் காட்டியிருக்கின்றன. பரிசு கைக்கு வருமுன், எதிர்பார்ப்பிலேயே ஸ்ட்ரியாட்டம் எழும்பும். எதிர்பார்த்தது வராவிட்டால் இறங்கும். ஆனால் பணத்துக்கு எழும்பும் அதே இடம் இசைக்கும் எழும்பும், ஒரு பாராட்டுக்கும் எழும்பும். அது எழும்பியதை வைத்து 'அடிமை' என்று முத்திரை குத்துவது எந்த ஊர் நியாயம்?

டோபமைனை மறைமுகமாகக் கணிக்கும் பெட் ஸ்கேன் உண்டு. கதிரியக்க மருந்து ஏற்றி, ஆய்வுக்காகச் செய்வது அது. அதைக் கேட்டு அலையாதீர்கள். வலிப்பு, விடாத தலைவலி, திடீரென்று ஆளே மாறிப்போவது என்றால் ஸ்கேனுக்கு வாருங்கள், தாமதிக்காதீர்கள். போன் பழக்கத்துக்கு வேண்டாம். தயவுசெய்து பிள்ளை காதுபட "உன் மூளை கெட்டுப்போச்சு" என்று சொல்லாதீர்கள்.

சரி என்று ஃபிலிமை உறைக்குள் போட்டுவிட்டுப் பையனிடம் கேட்டேன்: எத்தனை மணிக்குத் தூங்குகிறாய்?

"மூணு, மூணரை."

அப்பா அவனைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அது தெரியாது.