பாஸ்வேர்டை மாத்திக்கிட்டே இருந்தா ஏன் ஹேக்கருக்கு வேலை சுலபமாகுது?

90 நாளைக்கு ஒருதடவை பாஸ்வேர்ட் மாத்தணும், அதுல பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நம்பர், சிம்பல் எல்லாம் இருக்கணும்னு ஆபீஸ்ல ஒரு ரூல் வச்சிருப்பாங்கல்ல, அது உலகம் பூரா பரவினதுக்கு முக்கிய காரணம் 2000களோட ஆரம்பத்துல நிஸ்ட்ங்கிற அமெரிக்க அரசோட தர நிர்ணய அமைப்பு வெளியிட்ட ஒரு வழிகாட்டி. அதை எழுதினவர் பில் பர். படிக்கிறப்ப நியாயமா தான் தெரியும், ஆனா மனுஷன் என்ன பண்றான், கடைசில இருக்கிற 1ஐ 2 ஆக்குறான், அடுத்த தடவை 3 ஆக்குறான், அவ்ளோதான். 2010ல வட கரோலினா பல்கலைக்கழகத்து ஆளுங்க இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க, பழைய பாஸ்வேர்ட் கைல இருந்தா 41% புது பாஸ்வேர்டை சில செகண்டுல உடைக்க முடிஞ்சுச்சு. 2017ல நிஸ்டே இந்த ரூல கைவிட்டுச்சு, சும்மா சும்மா மாத்தச் சொல்லாதீங்க, திருட்டுப் போனதா தெரிஞ்சா மட்டும் மாத்துங்கன்னுட்டாங்க. நான் அப்படி எழுதினதுக்கு வருத்தப்படுறேன்னு பில் பரும் சொல்லிட்டார். ஆனாலும் நிறைய கம்பெனில அந்த 90 நாள் கணக்கு இன்னும் ஓடிட்டு தான் இருக்கு.

ஐடி டீம பாத்துக்கிறவங்களுக்கு இதுல ஒரு விஷயம் இருக்கு. செக்யூரிட்டி ஜாஸ்தியானா வசதி குறையத்தான் செய்யும், வேற வழியில்லன்னு பலபேர் நம்புறாங்க. ஆனா சால்ட்சர், ஷ்ரோடர்னு ரெண்டு கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர்கள் 1975லயே, பாதுகாப்பு ஏற்பாடு ஜனங்க யோசிக்காம சரியா பயன்படுத்துற மாதிரி சுலபமா இருக்கணும்னு ஒரு அடிப்படை விதியாவே எழுதி வச்சுட்டாங்க. கஷ்டமா இருந்தா சுத்துவழி கண்டுபிடிச்சுடுவாங்க, அப்புறம் பூட்டு இருந்தும் பிரயோஜனம் இல்ல.

சரி, பாஸ்வேர்ட் போதாதுன்னு ஓடிபி வச்சோம். ஆனா ஹேக்கருங்க போலி சைட் ஒண்ணு போட்டு, நீங்க அங்க டைப் பண்ற பாஸ்வேர்ட், ஓடிபி ரெண்டையும் அந்த நிமிஷமே நிஜ சைட்ல போட்டுடுறாங்க, சோலி முடிஞ்சுது. போன்ல "ஆமா, நான் தான்"னு அமுக்குற முறைக்கும் ஒரு ஓட்டை உண்டு, விடாம ரிக்வெஸ்ட் அனுப்பிக்கிட்டே இருந்தா ஆளு சலிச்சுப்போய் ஒருதடவை அமுக்கிடுவாரு. 2022 செப்டம்பர்ல ஊபருக்குள்ள ஹேக்கர் நுழைஞ்சது இப்படித்தான், கான்ட்ராக்டர் ஒருத்தர் கடைசில சரின்னு அமுக்கிட்டார். அவரைத் திட்டி என்ன ஆகப்போகுது, அசந்துபோற மனுஷன்கிட்ட கடைசி முடிவ விட்டது தான் டிசைன்ல தப்பு.

பாஸ்வேர்டுக்குப் பதிலா லாகின் பண்ண வந்திருக்கிற பாஸ்கீ இந்த இடத்துல தான் வித்தியாசப்படுது. ஒரு சைட்ல பாஸ்கீ உருவாக்குறப்ப உங்க போன் ரெண்டு சாவி தயாரிக்கும், ஒண்ணு ரகசியமானது, அது உங்க பக்கமே இருக்கும், இன்னொண்ணு பொதுவானது, அது சர்வருக்குப் போகும். லாகின் பண்றப்ப சர்வர் ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு ரேண்டம் நம்பர் அனுப்பும், நீங்க விரல் வச்சதும் போன் ரகசிய சாவிய வச்சு அதுல கையெழுத்து மாதிரி ஒண்ணு போட்டு திருப்பி அனுப்பும், சர்வர் தன்கிட்ட இருக்கிற பொது சாவிய வச்சு சரிபார்க்கும். ரகசிய சாவி சர்வர் பக்கம் போறதே இல்ல, அதனால சர்வர ஹேக் பண்ணி டேட்டாபேஸ மொத்தமா அள்ளிட்டுப் போனாலும் அதை வச்சு யாரும் உங்க பேர்ல லாகின் பண்ண முடியாது. உங்க கைரேகையும் போன விட்டு வெளிய போகாது, அது சாவிய திறந்து விட மட்டும் தான்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது என்னன்னா, எந்த டொமைனுக்காக, அதாவது எந்த சைட் முகவரிக்காக உருவாக்கினோமோ அங்க மட்டும் தான் அந்த சாவி வேலை செய்யும், அதைப் பார்க்கிறது பிரவுசரோட வேலை. ஒரு எழுத்து மாத்தி போலி சைட் போட்டா நீங்க ஏமாந்துடலாம், பிரவுசர் ஏமாறாது, பாஸ்கீயே காட்டாது. பாஸ்கீ வர்றதுக்கு முன்னாடியே இதே கணக்குல வேலை செய்யுற, கம்ப்யூட்டர்ல சொருகுற யூஎஸ்பி கீய கூகுள் 2017ல தன்னோட 85,000க்கும் மேல ஊழியர்களுக்குக் கட்டாயமாக்கிச்சு, அதுக்கப்புறம் ஒருத்தரோட அக்கவுண்டும் ஃபிஷிங்ல, அதாவது போலி சைட் மாதிரி ஏமாத்து வேலைல போனதா தெரியலன்னு 2018ல சொன்னாங்க. டைப் பண்ண ஒண்ணும் இல்லாததால ஊழியருக்கும் வேலை கம்மி, பாதுகாப்பும் ஜாஸ்தி.

மாசத்துக்கு ஒரு புது டூல் விக்க ஆள் வருவாங்க, எல்லாத்தையும் துரத்த முடியாது. இது ஊழியர் எடுக்க வேண்டிய முடிவுகள குறைக்குதா, இல்ல இன்னும் ரெண்டு சேர்க்குதான்னு கேட்டாலே பாதி டூல் கழிஞ்சுடும்.

பாஸ்கீ போட்டாச்சுன்னு நிம்மதியாவும் இருக்க முடியாது. பழைய சாஃப்ட்வேர் பலதுல இது ஓடாது, பாஸ்வேர்ட் பின்வாசலா அப்படியே கிடக்கும். போன் தொலைஞ்சா என்ன பண்றதுங்கிறது தான் பெரிய தலைவலி. ஹெல்ப்டெஸ்க்குக்கு போன் போட்டு, பேரும் பிறந்த தேதியும் சொன்னா ரீசெட் பண்ணிக் கொடுக்கிற ஆபீஸ்ல, ஹேக்கர் சாவி பக்கமே வரமாட்டான், நேரா ஹெல்ப்டெஸ்க்குக்கு தான் போன் போடுவான். அதனால பாஸ்கீய கொண்டு வர்றதுக்கு முன்னாடி ரெண்டாவதா ஒரு சாவிய பதிஞ்சு வைக்கச் சொல்றது, ரீசெட் கேக்குறவர வீடியோ கால்லயோ மேனேஜர் மூலமாவோ உறுதிப்படுத்துறது, இதையெல்லாம் முதல்ல முடிவு பண்ணிடணும்.