நான்கு விநாடிக்கு 31 வெர்ஷன்: பெரிய பட்ஜெட் படத்தின் பணம் எங்கே போகிறது?

இரவு இரண்டரை மணி. திரையில் 96 ஃப்ரேம் கொண்ட ஒரு ஷாட். தியேட்டரில் ஓடினால் நான்கே விநாடி. மழையில் ஒரு பெண் திரும்பிப் பார்க்கிறாள், பின்னால் ஊர் இடிந்து விழுகிறது. அவளுடைய கூந்தலைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்கும் வேலை எங்களுடையது. ரோட்டோ என்போம். ஈரத்தில் பிரிந்து பறக்கும் ஒவ்வொரு கற்றைக்கும் தனியாகக் கோடு வரைந்து, ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்த வேண்டும். பின்னணியைச் சுலபமாக நீக்க உதவும் பச்சைத் திரையைக் கட்டாமலே எடுத்து அனுப்பியிருந்தார்கள்.

உட்கார்ந்து செய்துகொண்டிருந்த தம்பிக்கு 23 வயது, விருதுநகர் பக்கம். அன்றைக்கு ஓடியது 31ஆவது வெர்ஷன், அதாவது அதே ஷாட்டை 31ஆவது முறையாகத் திருத்திக்கொண்டிருந்தான். பின்னால் இடிவது முதலில் கோபுரம் என்றார்கள், அப்புறம் பாலம், அப்புறம் வெறும் புகை. இருட்டுக் கோபுரத்துக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத விளிம்பு, வெள்ளைப் புகைக்கு முன்னால் பல்லைக் காட்டும். அதனால் ஒவ்வொரு முறையும் கூந்தலைத் தொட வேண்டியிருந்தது. மூன்று வாரமாக அவன் ஊருக்குப் போகவில்லை, அக்காவின் வளைகாப்புக்கும் போகவில்லை.

விடியற்காலையில் மெயில் வந்தது. என் இருக்கைக்கு வந்து, "அக்கா, ஷாட் ஓமிட்னு போட்டிருக்காங்க" என்றான். படத்திலிருந்தே அந்த ஷாட்டைத் தூக்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.

படத்தின் பெயரைச் சொல்ல ஒப்பந்தம் இடம் தராது. ஹாலிவுட்டின் பெரிய படங்களில் ஒன்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். சென்னையில் இருந்தபடி இந்த வேலையை 16 வருடமாகச் செய்கிறேன். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் ஒரே கேள்விதான்: "300 மில்லியன் டாலர் போட்டு எடுக்கறாங்களாமே, அவ்வளவு செலவுக்கு அந்தப் படம் தகுமா?" இன்றைய மதிப்பில் அது 2,500 கோடி ரூபாயைத் தாண்டும். கேள்வி நியாயமானது. என் பதில், சில படங்களுக்குத் தகும், பல படங்களுக்குத் தகாது என்பதுதான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பணத்தின் அளவில் இல்லை. என்ன வேண்டும் என்று எப்போது முடிவெடுத்தார்கள் என்பதில் இருக்கிறது.

முதலில் கணக்கை ஓரளவு புரிந்துகொள்வோம். ஒரு படம் உலகம் முழுக்க 600 மில்லியன் டாலர் வசூல் என்று செய்தி வந்தால் அத்தனையும் ஸ்டுடியோவுக்குப் போவதில்லை. அமெரிக்காவில் தோராயமாகப் பாதி தியேட்டர்காரருக்கு. சீனாவில் ஸ்டுடியோவின் கைக்கு வருவது கால் பங்குதான். விளம்பரச் செலவு தயாரிப்புச் செலவில் சேராது, அது தனி. ஆகவே செலவைப்போல் இரண்டரை மடங்கு வசூலானால்தான் கையைக் கடிக்காது என்பது துறையில் வழக்கமான கணக்கு. வெளியே சொல்லும் பட்ஜெட்டையும் அப்படியே நம்ப முடியாது. பிரிட்டனில் எடுக்கப்படும் படங்களுக்கு அந்நாட்டு அரசு செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. அதற்காகத் தாக்கல் செய்யும் கணக்குகள் பொதுவெளிக்கு வந்துவிடும். கரீபியன் கடற்கொள்ளையர் வரிசையின் நான்காவது படம் (2011), அரசு தந்த சலுகையைக் கழித்த பிறகும் 370 மில்லியன் டாலருக்கு மேல் விழுங்கியது அப்படித்தான் தெரியவந்தது.

இவ்வளவு பணமும் ஹீரோவின் சம்பளத்துக்குப் போய்விடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கொஞ்சம் போகிறது. ஆனால் என் மேசையிலிருந்து பார்த்தால் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. ரிலீஸ் தேதியை முதலில் அறிவித்துவிடுகிறார்கள், திரைக்கதை பிறகு முடிகிறது. கடைசிச் சண்டை எங்கே நடக்கிறது, வில்லன் எப்படி இருப்பான் என்பதெல்லாம் படப்பிடிப்பு நாளிலும் முடிவாகியிருக்காது. "எடுத்து வைப்போம், போஸ்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். போஸ்ட் என்றால் படப்பிடிப்புக்குப் பிந்தைய வேலைகள். அந்த ஒரு வாக்கியம் எங்களுக்கு எத்தனை ராத்திரி என்று சொன்னவர்களுக்குத் தெரியாது.

2017இல் வந்த ஜஸ்டிஸ் லீக்கை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் நேர்ந்த பெருந்துயரத்தால் இயக்குநர் விலக, வேறொருவர் வந்து நிறையக் காட்சிகளைத் திரும்ப எடுத்தார். சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவில் அப்போது வேறொரு ஸ்டுடியோவின் படத்துக்காக மீசை வளர்த்திருந்தார், அந்த ஸ்டுடியோ மழிக்க விடவில்லை. ஆகவே மீசையோடு நடித்தார், மீசையைக் கணினியில் அழித்தார்கள். மேலுதடு என்பது முகத்திலேயே அதிகம் அசையும் இடம். பேசும்போது ஒரு மாதிரி, சிரிக்கும்போது ஒரு மாதிரி மடியும். அதை முழுவதும் புதிதாகச் செய்வது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று செய்தவர்களுக்குத்தான் தெரியும். நேரம் கொடுத்திருந்தால் அந்தக் கலைஞர்கள் நிச்சயம் சரியாக முடித்திருப்பார்கள். கொடுக்கவில்லை. படத்தைப் பார்த்தவர்கள் உதட்டைப் பார்த்துக் கேலி செய்தார்கள், அந்தக் கேலி எங்கள் துறையின் மேல் விழுந்தது. சுமார் 300 மில்லியன் செலவான படம், உலக அளவில் 657 மில்லியன் வசூலித்தது. மேலே சொன்ன கணக்கில் பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ராத்திரிகளுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதுதான் வெளியே யாரும் பேசாத விஷயம். கணினியில் காட்சிகளை உருவாக்கி மாற்றும் எங்கள் வேலைக்கு விஎஃப்எக்ஸ் என்று பெயர். பெரும்பாலான விஎஃப்எக்ஸ் வேலை மொத்த விலைக்கு எடுக்கப்படுகிறது. ஷாட்டுக்கு இத்தனை ஆள்-நாள் ஆகும் என்று கணக்குப் போட்டு ஒரு தொகைக்கு ஒப்புக்கொள்கிறோம். ஐந்தாவது வெர்ஷனில் முடிந்தாலும் ஐம்பதாவதில் முடிந்தாலும் பெரும்பாலும் அதே தொகை. கூடுதலாகக் கேட்க ஒப்பந்தத்தில் வழி இருக்கும். கேட்டால் அடுத்த படம் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுமோ என்ற பயத்தில் பல முதலாளிகள் கேட்பதில்லை. வான்கூவர், மான்ட்ரியல், லண்டன் என்று எந்த ஊர் அரசு அதிக வரிச்சலுகை தருகிறதோ அங்கே வேலை நகரும். மலிவான கை வேலைகள் இந்தியாவுக்கு வரும். மேலே ஒருவர் மனம் மாறினால், அதற்கான விலை படிப்படியாக இறங்கி, மடிப்பாக்கத்தில் வாடகை அறையில் இருக்கும் ஒரு பையனின் தூக்கத்தில் வந்து முடிகிறது.

இந்த இடத்தில் லைஃப் ஆஃப் பை படத்தைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. நம் புதுச்சேரியில் எடுத்த படம், தாவரவியல் பூங்காதான் படத்தில் மிருகக்காட்சிசாலை. கடல் காட்சிகள் தைவானில், கைவிடப்பட்ட ஒரு விமான நிலையத்தில் கட்டிய தொட்டியில் எடுக்கப்பட்டவை. படகில் நாம் பார்க்கும் புலி பெரும்பாலான காட்சிகளில் கணினியில் பிறந்தது. நனைந்த ரோமம் உடம்போடு ஒட்டி, காய்ந்ததும் மெல்ல உப்புவதை இன்றைக்கும் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுகிறேன். 120 மில்லியன் செலவு, 600 மில்லியனுக்கு மேல் வசூல். எந்தக் கணக்கில் பார்த்தாலும் தகும். ஆனால் அந்தப் புலியைச் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம், 2013 ஆஸ்கர் விழாவுக்கு இரண்டு வாரம்கூட இல்லாதபோது திவால் மனு கொடுத்தது. மும்பையிலும் ஹைதராபாத்திலும் கிளைகள் வைத்திருந்த நிறுவனம் அது. விழா நாளில் அரங்குக்கு வெளியே நூற்றுக்கணக்கான விஎஃப்எக்ஸ் கலைஞர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அதே படத்துக்குச் சிறந்த விஎஃப்எக்ஸ் விருது கிடைத்தது. மேடையில் விருது வாங்கிய பில் வெஸ்டன்ஹோஃபர், புலியைச் செய்த நிறுவனத்தின் நெருக்கடியைச் சொல்லத் தொடங்கியதும் இசையை ஏற்றினார்கள், மைக்கை அணைத்தார்கள். அன்று காலை எங்கள் ஆபீஸில் அதை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொருவராக இருக்கைக்குத் திரும்பி ஷாட்டைத் திறந்தோம்.

ஸ்டுடியோ நஷ்டப்படுவதில்லையா என்று கேட்கலாம். படுகிறது. 2012 மார்ச்சில் ஜான் கார்ட்டர் படத்தால் சுமார் 200 மில்லியன் டாலர் நஷ்டம் என்று டிஸ்னியே அறிவித்தது. ஆனால் அடுத்த இரண்டு மாதத்தில் அதே டிஸ்னி வெளியிட்ட அவெஞ்சர்ஸ் 150 கோடி டாலர் வசூலித்தது. ஒரு கை விட்டதை இன்னொரு கை பிடித்துக்கொள்ளும். மொத்த விலைக்கு வேலை எடுத்தவருக்கு அந்த இன்னொரு கை கிடையாது. 2025 பிப்ரவரியில், விஎஃப்எக்ஸ் நிறுவனங்களை நடத்திவந்த டெக்னிகலர் குழுமம் சரிந்தது. ஜங்கிள் புக், 1917 என்று ஆஸ்கர் வாங்கிய எம்பிசி என்ற விஎஃப்எக்ஸ் நிறுவனம் அதன் அங்கம்தான். அந்தக் குழுமத்துக்கு வேலை செய்த ஆயிரக்கணக்கானோர் பெங்களூரில் சில நாட்களுக்குள் வேலை இழந்தார்கள். அதில் நம் ஊர்ப் பிள்ளைகள் நிறைய. அந்த வாரம் எனக்கு வந்த பயோடேட்டாக்களைத் திறந்து பார்க்கவே மனசு வரவில்லை.

பெரிய செலவே கூடாது என்று நான் சொல்லவில்லை. டைட்டானிக் 1997இல் 200 மில்லியன் டாலர் செலவில் முடிந்தது. செலவில் பங்கு போட்ட பாரமவுண்ட் ஸ்டுடியோ பயந்துபோய், தன் பங்கு 65 மில்லியனுக்கு மேல் ஒரு காசும் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டது. முழுக்கப்பல் அளவுக்குக் கிட்டத்தட்ட ஒரு செட்டையே மெக்சிகோக் கடற்கரையில் போட்டார்கள். கப்பல் எந்தக் கோணத்தில் உடையும், எந்த நேரத்தில் விளக்கு அணையும் என்பதை இயக்குநர் மனதில் முன்பே ஓட்டிப் பார்த்திருந்தார். அங்கே செலவான பணம் திரையில் இருக்கிறது, இன்றைக்குப் போட்டாலும் தெரிகிறது. 2009இன் அவதாரும் அப்படித்தான். அதற்கான தொழில்நுட்பத்தை வருடக்கணக்கில் தயார்செய்துவிட்டுத்தான் படப்பிடிப்புக்கே போனார்கள்.

மறுபக்கம் காட்ஸில்லா மைனஸ் ஒன். ஜப்பானியப் படம், 15 மில்லியன் டாலருக்கும் குறைந்த செலவு. 610 ஷாட்டுகளை 35 பேர் செய்தார்கள். இயக்குநர் தகாஷி யமசாகியே விஎஃப்எக்ஸ் மேற்பார்வையாளர். ஷாட் எப்படி வேண்டும் என்று கலைஞர் பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிவிடுவார், நடுவில் பத்து மெயில் போய்வரத் தேவையில்லை. 2024 ஆஸ்கரில் அதைவிடப் பல மடங்கு செலவான ஹாலிவுட் படங்களைத் தள்ளிவிட்டுச் சிறந்த விஎஃப்எக்ஸ் விருதை வாங்கியது. சின்ன பட்ஜெட் என்றால் ஜெயித்துவிடும் என்றும் சொல்ல முடியாது. அதே விருதுக்குப் போட்டியிட்ட தி கிரியேட்டர் 80 மில்லியனில் 200 மில்லியன் படம்போல் இருந்தது, திட்டமிடலுக்குப் பாடமாக வைக்கலாம். ஆனால் வசூல் சுமார் 100 மில்லியனைத்தான் தொட்டது. கதை பிடிப்பதும் பிடிக்காமல் போவதும் எங்கள் கையில் இல்லை.

போன மாதம் திண்டுக்கல்லில் இருந்து ஒருவர் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் ஒரு பயிற்சி நிலையத்தின் பிரசுரம். அட்டையில் ஒரு சூப்பர்ஹீரோ, உள்ளே லட்சங்களில் கட்டணம். "இவ்வளவு பெரிய படத்துல வேலைன்னா சம்பளமும் பெருசாத்தானே மேடம் இருக்கும்?" என்று கேட்டார். இல்லைங்க என்றேன். படத்தின் பட்ஜெட்டுக்கும் அதில் ரோட்டோ செய்யும் பிள்ளையின் சம்பளத்துக்கும் சம்பந்தமே கிடையாது. சேர்க்கும் முன் நிலையத்தில் கேட்கச் சொன்னேன்: போன வருடம் முடித்தவர்களில் நான்கு பேரின் போன் நம்பர் கொடுங்கள், நாங்களே பேசிக்கொள்கிறோம். தயங்கினால் அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம். வேலைக்குச் சேரும்போது ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் கொடுக்கக் கூடாது, எந்தக் காரணம் சொன்னாலும். அதைக் கொடுத்துவிட்டு வெளியே வர முடியாமல் தவித்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ராத்திரி வேலைக்குக் கூடுதல் சம்பளம் உண்டா, வெர்ஷன் கூடினால் யார் கணக்கு என்பதை வாய்ப்பேச்சில் விடாமல் நியமனக் கடிதத்தில் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் மார்வெலின் விஎஃப்எக்ஸ் பணியாளர்கள் 2023இல் தொழிற்சங்கம் அமைக்க ஒருமனதாக வாக்களித்தார்கள். சங்கம் என்ற சொல்லைக் கேட்டால் நாம் பயப்பட வேண்டியதில்லை என்பதையும் பையனிடம் சொல்லி வைத்தேன்.

அப்பா பிரசுரத்தின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "அப்போ சேர்க்க வேணாங்கறீங்களா?"

"நல்லா விசாரிச்சுட்டுச் சேர்த்து விடுங்க. வேலையைக் குறை சொல்லலைங்க."

பையன் அதுவரை பேசவே இல்லை. தயங்கித் தயங்கி போனை நீட்டினான். அவர்கள் தெருவில் ஓடும் ஒரு நாயை வீடியோ எடுத்து, அதை மட்டும் வெட்டியெடுத்துக் கடற்கரையில் ஓடவிட்டிருந்தான். யாரிடம் கற்றாய் என்றேன். "யூட்யூப்தான் மேடம்." கால்களின் விளிம்பு அங்கங்கே துள்ளியது, நிழலும் தப்பான பக்கம் விழுந்தது. ஆனால் வேகமாக ஆடும்போது வால் ஃப்ரேமில் மங்கிப்போகும் அல்லவா, அந்த மங்கலை வெட்டிவிடாமல் அப்படியே எடுத்திருந்தான். இரண்டு மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்தேன். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, நிழலை எப்படித் திருப்புவது என்று காட்டினேன்.