எந்த மழையில், எவ்வளவு ஐயத்தில்?

சேர்வராயன் மலைச்சரிவு ஒன்றில் காப்பித் தோட்டத்தின் நிழல்மரங்களைக் கழித்துவிட்டால் திருமணிமுத்தாற்றுக்கு எவ்வளவு நீர் கூடுதலாக வழிந்தோடும், எவ்வளவு மண் அரித்து வரும் என்பதைக் கணினி மாதிரிகளைக் கொண்டு கணிப்பது இன்று வழக்கமாகிவிட்டது. அறிக்கையில் ஓர் எண் இருக்கும். அது எவ்வளவு முன்பின்னாகலாம் என்ற விவரம் பெரும்பாலும் இருக்காது.

நீர்வழிவுக்கு, மாதிரி ஓட்டும் நாங்கள் அதிகம் நம்புவது அமெரிக்க மண் பாதுகாப்புத் துறை உருவாக்கிய ‘கர்வ் நம்பர்’ முறையை. மண்ணின் தன்மையையும் நிலப்பயன்பாட்டையும் சேர்த்துப் பார்த்து, ஓர் இடத்துக்கு 100க்குள் ஓர் எண் கொடுக்க வேண்டும்; எண் கூடினால் வழியும் நீரும் கூடும். சில்வர் ஓக் நிழலில், மிளகுக்கொடி படர்ந்து நிற்கும் காப்பித் தோட்டத்தைக் காடாகக் கொள்வதா, பழத்தோட்டமாகக் கொள்வதா? 60 என்பவருக்கும் நியாயம் உண்டு, 70 என்பவருக்கும் உண்டு. ஒரே நாளில் 100 மி.மீ. மழை பெய்தால் முன்னதன்படி வழிவது ஏறத்தாழ 19 மி.மீ., பின்னதன்படி 33 மி.மீ. மழை 40 மி.மீ. மட்டுமே என்றால் 0.2, 2.6 என்று வித்தியாசம் பன்னிரண்டு மடங்காகிறது, 200 மி.மீ. கொட்டினாலோ 82, 111 என்று ஒன்றரை மடங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆகவே உணர்திறனை, அதாவது உள்ளீடு ஒன்று மாறினால் விடை எவ்வளவு மாறும் என்பதை, எந்த மழைக்கு என்று சொல்லாமல் சொல்வதில் பொருளில்லை.

ஒவ்வோர் உள்ளீட்டையும் தனித்தனியே 10 சதவீதம் கூட்டிக் குறைத்துப் பட்டைப்படம் போட்டுவிட்டு, அதையே பகுப்பாய்வு என்று இணைப்பவர்கள் உண்டு. மண்ணரிப்புச் சமன்பாடு காரணிகளின் பெருக்கல் என்பதால், எந்தக் காரணியை 10 சதவீதம் உயர்த்தினாலும் விடையும் அதே அளவுதான் உயரும்; பட்டைகள் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கும். மண்ணைச் செடிகொடிகள் எவ்வளவு மூடிக் காக்கின்றன என்பதைக் குறிக்கும் நிலப்போர்வைக் காரணியிலோ நம் ஐயம் 10 சதவீதம் அல்ல, பல மடங்கு. ஐயத்தின் உண்மையான அகலம் களத்திலிருந்துதான் வர வேண்டும்.

மழையும் அப்படியே. எஸ்டேட் நோட்டுகளில் அங்குலம், சென்ட் என்று நாள்தோறும் குறித்து வைத்திருப்பது பெரும் சொத்து. ஆனால் அது மழைமானி நிற்கும் மேட்டின் மழை. ஏற்காட்டில் நனைந்துவிட்டு அடிவாரத்தில் காய்ந்த சாலையில் இறங்கிய அனுபவம் பேருந்துப் பயணிகள் பலருக்கும் இருக்கும்.

அப்படி எல்லைகள் கிடைத்த பின் முதல் வேலையாக, உள்ளீடுகளை ஒவ்வொன்றாகப் பல தொடக்கப் புள்ளிகளிலிருந்து மாற்றிப் பார்க்கும் மாரிஸ் முறையால் (1991இல் வெளியானது), மாதிரியைக் குறைந்த முறை ஓட்டியே, பொருட்படுத்தத் தேவையில்லாத உள்ளீடுகளைக் கழித்துவிடலாம். எஞ்சியவற்றை, ஒவ்வொன்றின் எல்லையையும் சமப் பங்குகளாகப் பிரித்துப் பங்குக்கொரு மதிப்பெடுக்கும் லத்தீன் ஹைப்பர்கியூப் மாதிரியெடுப்பால் ஒருசேர மாற்றிச் சில நூறு முறை ஓட்டினால், விடை ஒரு வீச்சாகக் கிடைக்கும். விடையின் மாறுபாட்டில் ஒவ்வோர் உள்ளீட்டின் பங்கு எவ்வளவு என்று சொல்லும் சோபோல் குறியீடுகள் அழகானவைதான். நாற்பது உள்ளீடுகளோடு நேரே அதில் இறங்குவது கணினிக்கும் பொறுமைக்கும் வீண்செலவு. அறிக்கை வாங்குவோர் அந்த வீச்சையும், ஒவ்வோர் உள்ளீட்டின் எல்லை எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் பணி ஒப்பந்தத்திலேயே கேட்டு எழுதிவிடுவது நல்லது.