வால்வு என்ன நம்பர்?

களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்துக்கு இதயத்தின் அயோர்ட்டிக் வால்வு (ரத்தம் உடம்புக்குப் போகும் வாசல்) மாற்றப் போகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விதான்: உலோக வால்வா, விலங்குத் திசு வால்வா? செலவு எவ்வளவு? நம்பர் என்ன என்று கேட்பவர்கள் குறைவு.

வால்வுப் பெட்டியில் இருக்கும் 19, 21, 23 எல்லாம் மில்லிமீட்டர். இரண்டு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடும் என்று தோன்றும். 19-லிருந்து 21-க்குப் போனால் வட்டத்தின் பரப்பு 22 சதவீதம் கூடுகிறது. 23 என்றால் 47.

உடம்புக்கு எவ்வளவு திறப்பு வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. 158 செ.மீ. உயரம், 70 கிலோ எடை உள்ள பெண்ணுக்கு இரண்டையும் பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் உடல் பரப்பு 1.75 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 0.85 ச.செ.மீ. வீதம் அவருக்குச் சுமார் 1.5 ச.செ.மீ. திறப்பு தேவை. பல 19 நம்பர் திசு வால்வுகள் அதைத் தருவதில்லை. வால்வில் பழுதே இராது. ஆனாலும் மாடி ஏறினால் மூச்சு வாங்கும், தடித்த இதயத் தசையும் சரியாகக் குறையாது. இதய மருத்துவர் ரஹிம்தூலா 1978-ல் எழுதிய வால்வு-உடல் பொருத்தமின்மை இதுதான். நோயில் மெலிந்தவர் பிறகு உடம்பு தேறி எடை கூடுவார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான அயோர்ட்டாவைத் திறந்து, கெட்ட வால்வையும் சுண்ணாம்புப் படிவையும் எடுத்தபின் அளவு பார்க்கும் சைஸரை இறக்கிப் பார்ப்பார்கள். 21 இறங்காமல் தட்டினால் திணிக்கக் கூடாது. வால்வு உட்காரும் வளையம் கிழியும், அல்லது வால்வு சாய்ந்து உட்காரும். அப்போதுதான் அயோர்ட்டாவின் வேரை (வால்வு இருக்கும் அடிப்பகுதியை) விரிக்கும் வேலை. 1970-ல் வந்த நிக்ஸ் முறையில், இதயத் தசைக்கு ரத்தம் தரும் கரோனரி குழாய் கிளம்பாத பின்பக்கக் குழி வழியாக வெட்டு வளையத்தைத் தாண்டிக் கீழே இறங்கும். மனூகியன் முறையில் (1979) வெட்டு பக்கத்துக் குழியோடு சேரும் ஓரம் வழியாக அடுத்துள்ள மைட்ரல் வால்வின் முன் இதழ் வரை போகும். விரிந்த இடைவெளியில் மாட்டு இதய உறையை (பெரிகார்டியம்) துளி வடிவில் வெட்டி, 4-0 புரோலீன் நூலால் பேட்ச்சாகத் தைப்பார்கள். பெரும்பாலும் ஒரு நம்பர் கூடும். 2020-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் போ யாங் தொடங்கிய ஒய் (Y) வடிவ வெட்டில் மூன்று, நான்கு நம்பர்கூடக் கிடைக்கிறது.

வம்பு பேட்ச்சின் கீழ் மூலையில்தான். இதயம் நிறைந்து துடிக்க ஆரம்பித்தபின் அங்கே ரத்தம் கசிந்தால், அது பின்பக்கம், கை எட்டாது. தையல் முதல் தடவையே பிடிக்க வேண்டும். சுண்ணாம்பேறிய முதியவர்களின் திசுவில் அது பிடிக்காமலும் போகும். பேட்ச் குறுகினால் மைட்ரல் இதழை இழுத்து ஒழுக்கு உண்டாக்கும். ஆகவே மார்பை மூடுமுன் உணவுக்குழாய் வழியாக எக்கோ (ஒலியலைப் பரிசோதனை) அவசியம். அயோர்ட்டாவை அடைத்து இதயத்தை நிறுத்திவைக்கும் கிளாம்ப் நேரமும் நீளும். எல்லாருக்கும் செய்யத் தக்க வேலையில்லை. 45 கிலோ பாட்டிக்குப் பெரும்பாலும் 19 போதும்.

ஐம்பது வயதுகளில் திசு வால்வு வைப்பவர்களோ நம்பரைக் கட்டாயம் கேட்க வேண்டும். அது தேய்ந்தபின் தொடை வழியாக உள்ளே இன்னொரு வால்வு வைக்க நேர்ந்தால், 19-க்குள் போதிய இடம் இராது. வீடு திரும்பும்போது மாடலும் நம்பரும் உள்ள வால்வு கார்டை வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ எக்கோ பார்க்கும் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.